தப்பு சொல்கிற பெண்

சான் ஹெர்வாசியோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் உரிமம் வாங்க நான்கு வருடம் படிக்க வேண்டும். முதல் இரண்டு வருடங்கள் மாணவர்கள் எந்தக் குழந்தையின் அருகிலும் போக அனுமதி கிடையாது. முதிராத அறிவோடு குழந்தையை அணுகினால் இரு தரப்புக்கும் கெடுதல் என்பது கல்லூரியின் கொள்கை. கைக்குழந்தையோடு சேர வந்த பெண்களும் உண்டு. அவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

சுனில்தா அங்கே சேர்ந்தது தன் விருப்பத்தால் மட்டும் அல்ல. அவள் தக்குவாரா குடியிருப்பைச் சேர்ந்தவள். அங்கே ஓர் அறைப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் ஆசிரியர் நகரத்துக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைக்கும்வரை கோவில் உபதேசியார் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதிக காலம் காத்திருக்க முடியாது, மூடிவிடுவோம் என்று மாவட்ட மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். மூடினால் பிள்ளைகள் சோயா வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் அடுத்த குடியிருப்புக்கு நடக்க வேண்டும். மருந்தடிக்கும் இயந்திரம் வந்த நாட்களில் அந்தச் சாலையில் நடந்தவர்கள் கண் எரிந்து, வாந்தி எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஆகவே குடியிருப்பு கூடி ஒருத்தியைப் படிக்க அனுப்பத் தீர்மானித்தது. பள்ளியிறுதி வரை படித்தவள் சுனில்தா ஒருத்திதான். அதனால் தேர்வு சுலபமாக முடிந்தது.

கல்லூரி முதல்வர் டாக்டர் எடெல்மிரா சார்சா. முதல் நாள் கூட்டத்தில் அவர் வெள்ளி உறிஞ்சுகுழலால் குளிர்ந்த மாத்தே இலைச் சாறு குடித்தபடி பேசினார்.

"நான் ஒரு வகுப்புக்குள்ள நுழைஞ்சா முதல்ல சுவரைத்தான் பார்ப்பேன். சுவர் சிரிச்சா அங்க கல்வி நடக்குதுன்னு அர்த்தம். பிள்ளைங்களைப் பார்த்து என்னத்தத் தெரிஞ்சுக்க முடியும்? பிள்ளைங்க வருஷா வருஷம் மாறிடுவாங்க. சுவர் அப்படியே நிக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சுனில்தாவும் தட்டினாள். தக்குவாரா பள்ளிக்குப் பலகைச் சுவர்தான், அதிலும் ஒரு பக்கம் கரையான் தின்றிருந்தது. அதை எப்படிச் சிரிக்க வைப்பது என்று அவள் யோசித்தாள். நான்கு வருடம் படித்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வருடம் ஃபோம் ஷீட் வெட்டினார்கள். அந்தப் பாடத்துக்கு வகுப்பறை அழகியல் என்று பெயர். சூரியன், மேகம், நத்தை, எழுத்து சுமக்கும் எறும்பு, கண் சிமிட்டும் பென்சில். சுனில்தா வெட்டிய சூரியனுக்கு இமை மயிர் இல்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள். சூரியனுக்கு ஏது இமை என்று அவள் கேட்டாள். குழந்தையின் உலகத்துக்குள் அவள் இன்னும் நுழையவில்லை என்று அவளுடைய முன்னேற்றக் குறிப்பில் எழுதப்பட்டது.

இரண்டாம் வருடம் முகபாவமும் குரலும். ஆசிரியருக்கு மூன்று சிரிப்புகள் வேண்டும்: வரவேற்கும் சிரிப்பு, திருத்தும் சிரிப்பு, வழியனுப்பும் சிரிப்பு. சுனில்தாவின் திருத்தும் சிரிப்பு வழியனுப்பும் சிரிப்பைப் போலவே இருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பழகினாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவளோடு படித்த டெர்லிஸ் இறைச்சிக்கடைக்காரர் மகன், வாய் சும்மா இருக்காது.

"சுனி, பல்லு வலிக்காரி பல்லு வைத்தியரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. பிள்ளைங்க பயந்து எல்லாத்தையும் சரியாச் சொல்லிடும். அப்புறம் எதைத் திருத்துவ?"

அதே வருடம்தான் வாசித்தல் என்றால் என்ன என்பதற்கு வெவ்வேறு அறிஞர்கள் தந்த வரையறைகளை மனப்பாடம் செய்தார்கள். சுனில்தா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தபின், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லித் தருவது என்று விரிவுரையாளரிடம் கேட்டாள். அது நான்காம் வருடத்து விருப்பப் பாடம் என்றார் அவர். அதை நடத்தியவர் ஓய்வுபெற்றதிலிருந்து யாரும் அதை விரும்பவில்லை என்றும் சொன்னார்.

மூன்றாம் வருடம் குழந்தைகளைக் காட்டினார்கள்.

கல்லூரிக்குப் பின்னால் மாந்தோப்பு. அதற்கு அப்பால் கல்லூரியின் மாதிரிப் பள்ளி. செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே படித்தார்கள். பயிற்சி மாணவர்கள் எப்போதும் இருந்ததால் அங்கே ஆசிரியர்கள் யாரும் நியமிக்கப்படவில்லை. பயிற்சி மாணவர்கள் நடத்துவதற்கு ஒரே ஒரு பாடம்தான் இருந்தது. அதன் பெயர் 'நீரின் பயணம்'. பல வருடங்களுக்கு முன் தலைநகரிலிருந்து வந்த குழு அந்தப் பாடத்தைப் பார்த்துவிட்டு நன்று என்று சொல்லிப் போயிற்று. வேறு எந்தப் பாடத்தையும் யாரும் நன்று என்று சொன்னதில்லை. தெரிந்த நன்மையை விட்டுவிட்டுத் தெரியாத ஒன்றைக் குழந்தைகள்மீது சோதித்துப் பார்ப்பது அறமல்ல என்று கல்லூரி முடிவு செய்தது. ஆகவே ஒவ்வொரு பயிற்சி மாணவரும், ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு வகுப்பிலும் நீரை ஆற்றிலிருந்து வானத்துக்கு ஏற்றி மழையாக இறக்கினார்கள்.

சுனில்தா நான்காம் வகுப்புக்கு அனுப்பப்பட்டாள். பின்வரிசையில் செய்முறைப் பேராசிரியர் ஃபுல்ஹென்சியோ தான் எங்கும் தூக்கிக்கொண்டு போகும் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். சுனில்தா வரவேற்கும் சிரிப்பைச் சிரித்தாள். ஆறு, சூரியன் வரை நன்றாகப் போயிற்று. அதற்குப் பிறகு மறந்துவிட்டது.  முதல் வரிசையில் இருந்த மெலிந்த பெண் உதடு அசையாமல், வீட்டில் பேசும் குவாரனி மொழியில் கிசுகிசுத்தாள்.

"இப்ப மேகத்தைத் தூக்கிக் காட்டணும் டீச்சர். உங்க இடது கை பக்கம் இருக்கு."

சுனில்தா மேகத்தைக் காட்டினாள். மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அதே பெண் கையை உயர்த்தி, எழுந்து, கணீரென்று பாட மொழியான ஸ்பானிஷில், நகராட்சித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருகிறது என்றாள். சுனில்தா திருத்தும் சிரிப்பைச் சிரித்துத் திருத்தினாள். அந்தப் பெண் கண்களை அகல விரித்து, ஆ, இப்போது புரிகிறது என்றாள். இன்னொரு பையன், நல்ல முயற்சி பெர்லா என்றான். இரட்டையர் இருவர் கைதட்டினார்கள். பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

இடைவேளையில் பெர்லா தானாகவே வந்து பேசினாள்.

"உங்களுக்கு இதான் முதல் தடவையா டீச்சர்?"

"ஆமா."

"பரவாயில்ல, நல்லாத்தான் பண்ணீங்க. போன வாரம் வந்தவங்க அழுதுட்டாங்க. மேகத்தைக் காட்டுறப்ப எங்க பக்கம் பாருங்க. நீங்க சுவத்தைப் பாக்குறீங்க."

"உனக்குத்தான் எல்லாம் தெரியுதே. அப்புறம் ஏன் தொட்டியிலருந்து மழை வருதுன்னு சொன்ன?"

பெர்லா அவளை இரக்கத்தோடு பார்த்தாள்.

"நான்தான் தப்பு சொல்ற பொண்ணு டீச்சர். யாராவது தப்பு சொன்னாத்தானே உங்களுக்குத் திருத்துறதுக்கு மார்க்கு? முன்னாடி எங்க அக்கா சொல்லிட்டிருந்தா. அவ பள்ளிக்கூடம் முடிச்சுப் போனதும் எனக்குக் குடுத்தாங்க. எல்லாராலயும் முடியாது. ரொம்ப முட்டாளா இருக்கக் கூடாது, திருத்தினா உடனே புரிஞ்சிடணும்."

திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். பாடம் நடக்கும்போது அவன் வகுப்பில் இருக்க மாட்டான், காவலாளியோடு பின்கட்டில் கோழிகளைப் பார்த்துக்கொள்வான் என்பதையும் பெர்லாவே சொன்னாள். அவன் உண்மையாகவே தப்பு சொல்லிவிடுவானாம். அதைத் திருத்த நேரம் பிடிக்குமாம்.

சில வாரங்கள் கழித்து, பாடம் முடிந்து பொருட்களை எடுத்து வைக்கும்போது, 'நீராவி' என்று எழுதிய அட்டையை எடுத்துத் தரும்படி சுனில்தா பெர்லாவிடம் கேட்டாள். எல்லா அட்டைகளும் எழுத்துப் பக்கம் மேலாகக் கிடந்தன. பெர்லா ஒவ்வொன்றாகப் புரட்டிப் படத்தைப் பார்த்து எடுத்தாள். சுனில்தா கரும்பலகையில் 'ஆறு' என்று எழுதி இது என்ன என்று கேட்டாள். பெர்லா தலையைச் சாய்த்து, விரலைக் கன்னத்தில் வைத்து, அழகாக யோசித்தாள். அந்த யோசனை பாடத்தில் இருந்த யோசனை. அது முடிந்த பிறகும் சுனில்தா காத்திருப்பதைக் கண்டு அவள் முகம் மெல்ல வெளுத்தது.

"இதை யாரும் கேட்க மாட்டாங்களே டீச்சர்."

மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தாள். சிலர் தங்கள் பெயரை ஒரு படம்போல வரைந்தார்கள். அவ்வளவுதான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள். நீர் எப்படி மேலே போகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பேராசிரியர் ஃபுல்ஹென்சியோவிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. மடக்கு நாற்காலியைச் சுருக்கிக் கையில் இடுக்கிக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"பாரும்மா, நான் எதைப் பார்க்க முடியுமோ அதுக்குத்தான் மார்க்கு போட முடியும். படிக்கத் தெரிஞ்ச பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தா எப்படி இருக்கும்? படிக்கத் தெரியாத பிள்ளை மாதிரியேதான் இருக்கும். வெளியிலருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. கைதட்டுறதை நான் கேட்கலாம். மேகத்தைப் பார்க்கலாம். வாசிப்பை எங்கேன்னு போய்ப் பார்க்கிறது?"

அவர் உண்மையாகவே பதிலை எதிர்பார்த்தவர்போல நின்றார். 

மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு அவர்கள் மாந்தோப்பில் திரிவார்கள். சுனில்தா அங்கே போய் ஒரு குச்சியால் செம்மண்ணில் எழுதத் தொடங்கினாள். எப்படிச் சொல்லித் தருவது என்று அவளுக்கும் தெரியாது. முதலில் ஸ்பானிஷ் சொற்களை எழுதினாள், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பிறகு அவர்கள் வாயிலிருந்து வந்த குவாரனிச் சொற்களையே எழுதினாள்: அம்மா, நெருப்பு, மண், கோழி. பலமுறை தப்பான வரிசையில் சொல்லித் தந்து, பிள்ளைகளைக் குழப்பி, அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். பாதிப் பேர் மாங்காய் பறிக்கப் போய்விட்டார்கள். பெர்லா போகவில்லை. பெர்லாவின் தம்பி எலிஹியோவும் போகவில்லை. அவன் இரண்டாம் வகுப்பு, அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பான். கோழி பார்க்கும் பையனும் சில நாள் வந்தான். மண்ணில் எழுதும்போது அவனுக்குத் திக்கவில்லை.

டெர்லிஸ் ஒருநாள் தோப்பு வழியாகப் போகும்போது பார்த்துவிட்டான்.

"சுனி, பாடத்திட்டத்துல இல்லாததைச் செய்யாத. அப்புறம் பாடத்திட்டத்துலருந்து உன்னை எடுத்துடுவாங்க."

"நான் மார்க்குக்காகச் செய்யல."

"அதைத்தான் மன்னிக்க மாட்டாங்க," என்றான் அவன். யாரிடமும் சொல்லவில்லை.

லப்பாச்சோ மரங்கள் பூத்த சமயம். பெர்லா மண்ணில் இருந்த ஒரு சொல்லை வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். எழுத்து எழுத்தாக முணுமுணுத்தாள். சட்டென்று அவை ஒட்டிக்கொண்டன. "கோழி," என்றாள், எங்கோ நிஜமாகவே ஒரு கோழி வந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தாள்.  சுனில்தாவுக்குக் கல்லூரி கற்றுத்தந்த மூன்று சிரிப்புகளில் எதுவும் வராமல், வாய் கோணி, அழுகைபோல ஒன்று வந்தது.

அதன்பின் பெர்லா கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். பிஸ்கட் உறை, பேருந்தின் நெற்றி, சூளைச் செங்கலில் அழுத்திய முத்திரை. ஸ்பானிஷும் தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. அவள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து எலிஹியோவும் எழுத்துக்கூட்டத் தொடங்கினான். பாடத்தில் மட்டும் வழக்கம்போல மழையைத் தொட்டியிலிருந்து வரவழைத்தாள்.

வருடக் கடைசியில் கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தலைநகரிலிருந்து குழு வருவதாகச் செய்தி வந்தது. மாதிரி வகுப்பு நடத்த சுனில்தாவைத் தேர்ந்தெடுத்தார் டாக்டர் எடெல்மிரா. சோயாக் காட்டிலிருந்து வந்த பெண்ணை இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது குழுவுக்குப் பிடிக்கும் என்றார். நன்றாக நடத்தினால் நான்காம் வருடச் செய்முறையிலிருந்து விலக்கு அளித்து, இந்த டிசம்பர் கோடையிலேயே உரிமத்துக்குப் பரிந்துரைப்பதாகவும் சொன்னார். தக்குவாராவிலிருந்து அப்போதுதான் ஆள் வந்து போயிருந்தான். அடுத்த மார்ச்சுக்குள் ஆசிரியர் வராவிட்டால் பள்ளி மூடப்படும் என்று மேற்பார்வையாளர் முடிவாகச் சொல்லிவிட்டாராம்.

ஒத்திகைக்காக எல்லா வகுப்புகளும் நிறுத்தப்பட்டன. பழைய சுவருக்குமேல் புதிய சுவர் ஒட்டப்பட்டது. ஃபோம் மேகங்கள் பெருகி ஜன்னல்களையும் மூடிக்கொண்டன. கோடை தொடங்கும் நவம்பர் வெயிலில் அறைக்குள் காற்று நின்றுபோயிற்று. ஒரு பையன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கி வெளியே கிடத்திவிட்டு வேறு ஒருவனை உட்கார வைத்தார்கள். கிழிந்த காலணி போட்டவர்கள், இருமுகிறவர்கள், சொறி உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கோழிகளிடம் அனுப்பப்பட்டார்கள். அந்த இடங்களுக்கு விரிவுரையாளர்களின் உறவுக்காரப் பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் கோழிகளிடம் ஒரு முழு வகுப்பே இருந்தது.

முந்தின நாள் சுனில்தா பெர்லாவைத் தனியே கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் எப்பவும்போலச் சொல்லிடு, என்ன?"

"சரி டீச்சர்," என்றாள் பெர்லா.

குழுவில் மூன்று பேர். தலைவி கனத்த உடம்புக்காரர், விசிறிக்கொண்டே இருந்தார். பாடம் தொடங்கியது. ஆறு ஓடியது. சூரியன் இமை சிமிட்டியது. எதிர்பார்த்த இடங்களிலெல்லாம் கைதட்டல் விழுந்தது. மழை எங்கிருந்து வருகிறது என்று சுனில்தா கேட்டாள். பெர்லா எழுந்தாள்.

அவள் எழுந்து நின்ற இடத்துக்கு நேர் எதிரே, சுவரில், அன்று புதிதாக ஒட்டிய பெரிய எழுத்துகள் இருந்தன. முன்பெல்லாம் அந்த இடத்தில் எழுத்து கிடையாது, வெறும் தவளைதான். அவள் கண் அதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, விரல் காற்றில் நகர, உரக்க வாசித்தாள்.

"நீராவி குளிர்ந்து மேகமாகி, மேகத்திலிருந்து மழை பெய்கிறது."

"நல்ல முயற்சி பெர்லா, இன்னொரு தடவை யோசி," என்றான் அந்த வசனத்துக்குரிய பையன். இரட்டையர்கள் கைதட்டினார்கள்.

 சுனில்தாவின் முகத்தில் திருத்தும் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. பேராசிரியர் ஃபுல்ஹென்சியோ நாற்காலியிலிருந்து எழுந்து, நன்றாக யோசித்துச் சொல்லும்படி பெர்லாவைக் கேட்டுக்கொண்டார். அவள் மறுபடியும் அதையே வாசித்தாள், இந்த முறை வேகமாக. டாக்டர் எடெல்மிரா அருகே வந்து அவள் தலையைத் தடவினார்.

"கண்ணு, நீ எப்பவும் சொல்லுவியே, தொட்டி, அதைச் சொல்லு."

"அங்க எழுதியிருக்கு டாக்டரம்மா. எழுதியிருக்கறதைப் பார்த்துக்கிட்டே எப்படி வேற சொல்றது?"

குழுத் தலைவி விசிறியை நிறுத்தினார். அவர் கடுமையானவர் அல்ல. தவறுகளைக் கையாளும் திறனுக்கு மதிப்பெண் போடாமல் பாடத்தை முடிக்க விதிகளில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். வெகுதூரம் வந்திருக்கிறோம், தப்பாகச் சொல்லக்கூடிய வேறு பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். டாக்டர் எடெல்மிரா வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒத்திகை இல்லாமல் தப்பு சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உறவுக்காரப் பிள்ளை ஒருவன் அழத் தொடங்கினான். தப்பு சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் கோழிகளிடம் இருந்தார்கள்.

ஃபுல்ஹென்சியோ சுனில்தாவின் காதருகே வந்தார்.

"அவ சொன்னதையே தப்புன்னு வெச்சுக்க. திருத்து. சிரிச்சுக்கிட்டே திருத்து. முடிஞ்சுது."

சுனில்தா பெர்லாவைப் பார்த்தாள். பெர்லாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தான் என்ன செய்துவிட்டோம் என்று இப்போதுதான் புரிந்தவள்போல. தக்குவாரா பள்ளியின் பலகைச் சுவர் சுனில்தாவின் கண்முன் வந்தது. தப்பு என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் இரண்டு வருடம் முகத்தைப் பழக்கியிருந்தாள்.

"சரிதான்," என்றாள். "பெர்லா சொன்னது சரி. உட்காரும்மா."

விசாரணை மறுவாரம் நடந்தது. அனுமதியற்ற எழுத்தறிவித்தல் என்பது குற்றச்சாட்டு. அப்படி ஒரு குற்றம் விதிகளில் இல்லாததால் முதலில் அது விதிகளில் சேர்க்கப்பட்டது. டாக்டர் எடெல்மிரா உண்மையாகவே மனம் நொந்து பேசினார்.

"ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி படுத்திருக்கான். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க அவனைப் பார்த்துத்தான் கத்துக்குறாங்க. யாரோ ஒருத்தி திருட்டுத்தனமா வந்து அவனைக் குணமாக்கிட்டுப் போயிட்டா, மத்தவங்க எதைப் பார்த்துப் படிப்பாங்க? அந்தப் பொண்ணை உருவாக்க எங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? இனிமே அவளை எதுக்குப் பயன்படுத்துறது?"

சுனில்தா மூன்றாம் வருடத்தை மறுபடியும் படிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பெர்லா மாதிரிப் பள்ளியின் தேவைக்கு இனிப் பொருந்தவில்லை என்று அனுப்பப்பட்டாள். அவளுடைய அம்மா சூளையிலிருந்து செம்புழுதி படிந்த கையோடு வந்தாள். உங்கள் மகளுக்கு அளவுக்கு மேல் சொல்லித் தரப்பட்டுவிட்டது என்று டாக்டர் எடெல்மிரா மென்மையாக விளக்கினார். மகள் ஏதோ கெட்ட காரியம் செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. சுனில்தா சூளைக்குத் தேடிப் போனபோது பெர்லா அங்கே இல்லை. தலைநகர் அசுன்சியோனில் ஒரு வீட்டில் விட்டிருப்பதாக அம்மா சொன்னாள். சாப்பாடு போட்டு, துணி கொடுத்து, பள்ளிக்கும் அனுப்புவார்களாம். பதிலுக்கு வீட்டு வேலையில் கொஞ்சம் கூடமாட இருந்தால் போதுமாம். அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் பிள்ளைகளை விடுவார்கள். விட்டவர்கள் எல்லோரும் அதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள்.

"நீங்க சொல்லிக் குடுத்தது நல்லதுக்குத்தான் டீச்சர்," என்றாள் அந்த அம்மா. "நான் உங்களைக் குத்தம் சொல்லல." 

மார்ச்சில் தக்குவாரா பள்ளி மூடப்பட்டது. சோயாக் கம்பெனிக்காரர்கள் அதில் மருந்து பீப்பாய்களை அடுக்கினார்கள். கல்லூரியை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று சுனில்தா நினைத்தாள். ஊரில் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. உரிமம் இருந்தால் என்றாவது எங்காவது ஒரு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத் தோன்றியபடி சொல்லித் தரலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இருந்துவிட்டாள்.

அந்த வருடம் தப்பு சொல்வதற்கு எலிஹியோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கே அதில் ஒரு கைத்திறன் உண்டு என்று பேராசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். பையன் அபாரமாகச் செய்தான். எழுந்து நிற்கும்போதே கண்ணைத் தரையில் வைத்துக்கொள்வான், சுவரைப் பார்க்கவே மாட்டான். சுனில்தா சிரித்துத் திருத்தினாள். அவனும் புரிந்துவிட்டதாகச் சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு ஐந்துக்கு ஐந்து கிடைத்தது. திருத்தும் சிரிப்பில் இப்போது முதிர்ச்சி தெரிகிறது என்று ஃபுல்ஹென்சியோ எழுதினார். நான்காம் வருடமும் அப்படியே கழிந்தது.

உரிமம் வழங்கும் விழா அசுன்சியோனில் நடந்தது. துணை அமைச்சர் பேசினார். இந்த நாட்டில் இப்போது உரிமம் பெற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளைவிட வேகமாகப் பெருகுகிறார்கள், இதே வேகத்தில் போனால் பிள்ளைகளின் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும் என்றார். டெர்லிஸ் கொட்டாவியை மறைத்தபடி உரிமத்தை வாங்கிக்கொண்டு அப்பாவின் கடைக்குத் திரும்பினான். வெட்டுக் கத்திக்கு மேலே சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னான். சுனில்தாவுக்கு வடக்கே எங்கோ ஒரு பள்ளியில் இடம் போட்டிருந்தார்கள். மறுநாள்தான் பேருந்து. மத்தியானம் அவள் பெர்லா இருந்த வீட்டைத் தேடிக்கொண்டு போனாள்.

உயரமான மதில், இரும்புக் கதவு. மணியடித்ததும் பெர்லாவே வந்து திறந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். சாயம்போன மேலங்கி, கையில் சோப்பு நுரை. சுனில்தாவைப் பார்த்ததும் கையை அங்கியில் துடைத்தாள், திரும்ப நனைந்ததுபோல மறுபடியும் துடைத்தாள்.

"டீச்சர் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்."

"எனக்குத் தெரியும், ஆயிடுவீங்கன்னு. தம்பி எப்படி இருக்கான்?"

நன்றாக இருக்கிறான் என்றாள் சுனில்தா. எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேட்டாள். பெர்லா பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டாள். அன்பான முகம். ஊரிலிருந்து வந்த ஆசிரியை என்று தெரிந்ததும் சுனில்தாவை உள்ளே கூப்பிட்டு, நிழலில் நாற்காலி போட்டு, குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொண்டுவரும்படி பெர்லாவிடம் சொன்னாள்.

"ரொம்ப நல்ல பொண்ணுங்க. வேலைக்காரப் பொண்ணுங்க எத்தனையோ வந்திருக்கு, படிக்கத் தெரிஞ்சது இதான் முதல். எங்க மாமியாருக்கு எந்த மாத்திரை எப்போன்னு உறையைப் படிச்சுப் பார்த்துத் தானே குடுத்துடுறா. கடைக்குப் போனா சாமான் மாறாம வருது. எனக்குப் பாதி பாரம் குறைஞ்சுது."

"பள்ளிக்கூடம் அனுப்புறதாச் சொன்னீங்களாமே," என்றாள் சுனில்தா.

"அனுப்பணும்னுதான் இருந்தேன்." வீட்டுக்காரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "அப்புறம் பார்த்தா இவளுக்குத்தான் படிக்கத் தெரியுதே. தெரிஞ்சதையே கத்துக்கிட்டு வர்றதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?"

நான்கு வருடப் படிப்புக்கு மேல் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவள் சுனில்தா. படிக்கத் தெரிந்த ஒரு பெண் பள்ளிக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு அவளுக்குச் சொல்லித் தரப்பட்ட காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தன் சொந்தக் காரணங்களைச் சொன்னாள். குரல் உயர்ந்தது. சட்டத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரம்மா பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டாள், ஆசிரியர்கள் பேசினால் தலையாட்டிக் கேட்பதுபோல. பெர்லா சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, தட்டை நெஞ்சோடு அணைத்தபடி சற்றுத் தள்ளி நின்றாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றாள் வீட்டுக்காரம்மா. பிறகு நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நல்ல வேளை நீங்களே வந்தீங்க. என் நாத்தனார் இதே மாதிரி ஒரு பொண்ணு தேடிக்கிட்டிருக்கா. பையனா இருந்தாலும் பரவாயில்ல, சின்னதா இருந்தா நல்லது. அந்தப் பக்கம் இன்னும் யாருக்காவது படிக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

சுனில்தாவின் மடியில் உரிமம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பெர்லா தட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவதை அவள் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள் சுனில்தா. "அங்க வேற யாருக்கும் படிக்கத் தெரியாது. ஒரு பிள்ளைக்கும் தெரியாது."

"ஆமாங்க," என்றாள் பெர்லா. "ஒருத்தருக்கும் தெரியாது."